சந்தா கட்டியவர்களுக்கு ஒரு குடை

வியாழக்கிழமை வரைக்கும் யாரும் வரக் கூடாது. வியாழக்கிழமைக்கு அப்புறமும் வரக் கூடாது. ஆபரேஷன் முடிந்து அவர் வீட்டுக்குத் திரும்பி வந்து, தானாக எழுந்து பாத்ரூமுக்குப் போகிற நாள் வரைக்கும் இந்தத் தெருவுக்குள் மருந்து இன்ஸ்பெக்டரின் வண்டி திரும்பவே கூடாது. அதற்குப் பிறகு வரட்டும். எந்த அலமாரியை வேண்டுமானாலும் திறந்து பார்க்கட்டும்.

யூனிஸ் இதை ஜெபமாகச் சொல்லவில்லை. ஜெபமாகச் சொன்னால் பதிலுக்கு ஏதாவது கேட்கப்படும் என்று ஒரு பயம். வெறும் நினைப்பாகவே வைத்துக்கொண்டு, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த தன்னுடைய மருந்தாளுநர் சான்றிதழை ஈரத்துணியால் துடைத்தாள். காலையில் ஒரு தடவை துடைத்ததுதான். மார்ச் மாதத்தில் சேலையூர்ப் புழுதிக்கு வேறு வேலை கிடையாது. சான்றிதழில் இருந்த போட்டோவில் அவளுக்கு இருபத்திமூன்று வயது. எதையோ பார்த்து மிரண்ட மாதிரி விழித்துக்கொண்டிருந்தாள். இப்போது நாற்பத்தேழு. விழி மட்டும் அப்படியே இருந்தது.

மருந்துக்கடையில் சான்றிதழ் தொங்கினால் போதாது, சான்றிதழுக்கு உரிய ஆளும் நிற்க வேண்டும். அதுதான் சட்டம். சான்றிதழ் மட்டும் சுவரில் நிற்க, ஆள் வேறெங்கோ வேலை பார்க்கிற கடைகள் எத்தனை என்று யூனிஸுக்குத் தெரியும். அவள் அப்படி இல்லை. பத்தொன்பது வருஷமாகத் தன் கடையில் தானே நின்றாள். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு முடிச்சு விழுந்ததும் அப்படி நின்றுதான். அதில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு. வாய்விட்டுச் சொல்ல மாட்டாள்.

இப்போது பத்து நாள் நிற்க முடியாது. கணவர் சத்தியநாதனுக்கு வியாழக்கிழமை பைபாஸ் ஆபரேஷன். பத்து நாளைக்கு ஒரு மருந்தாளுநர் வேண்டும் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்தாள். சான்றிதழைத் தருகிறேன் என்று நாலு பேர் சொன்னார்கள். நானே வருகிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. கடையைச் சாத்திவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. தெருமுனையில் இருபது சதவீதம் தள்ளுபடி என்று பெரிய பலகை மாட்டி ஒரு புதுக்கடை வந்திருந்தது. பத்து நாள் ஷட்டர் இறங்கியிருந்தால் வாடிக்கை அந்தப் பக்கம் போய்விடும். ஆகவே மகள் சுஜி உட்காருவது என்று ஏற்பாடு. சுஜி பி.காம் இரண்டாம் வருஷம். மாத்திரைப் பெயர்கள் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. சட்டத்துக்கு அது போதாது.

அதனால்தான் குடை வேண்டியிருந்தது.

குடை என்பது வாட்ஸாப்பில் வருகிற ஒரு சின்னப் படம். வட்டார மருந்தாளுநர் சங்கத்தின் குழுவில் அந்தப் படம் விழுந்தால் இன்ஸ்பெக்டர் கிளம்பிவிட்டார் என்று பொருள். கூட ஒரு வார்த்தையும் எழுதுவதில்லை. தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும், இந்தப் பக்கம் கேளம்பாக்கம் வரைக்கும், சான்றிதழுக்கு உரிய ஆள் இல்லாத கடைகள் ஐந்து நிமிஷத்தில் ஷட்டரை இறக்கிவிடும். சந்தா கட்டியவர்களுக்கு மட்டும்தான் குழுவில் இடம். மார்ச் முப்பத்தொன்றுக்குள் புதுப்பிக்காதவர்களை ஏப்ரல் முதல் தேதி ஒவ்வொருவராக நீக்குவது உறுப்பினர் சேர்க்கைச் செயலாளரின் வேலை. செயலாளர் யூனிஸ்தான்.

அவள் அந்தப் பொறுப்பை ஏற்றது குடைக்காக அல்ல. ஆறு வருஷத்துக்கு முன்னால், எந்த மருந்தோடு எதைச் சேர்த்துத் தரக் கூடாது என்று ஒரு பேராசிரியரை அழைத்து வந்து சர்ச் ஹாலில் பேச வைத்தாள். விண்ணப்பத்தாளைத் தூக்கிக்கொண்டு வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கினாள். வருகிறோம் என்றவர்கள் அறுபது பேர், வந்தவர்கள் பதினொரு பேர். மீந்த போண்டாவை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் தின்று தீர்த்தார்கள். "அறிவு குடுக்கறோம்னா யாரும் வர மாட்டாங்க சிஸ்டர். பயம் இருக்குல்ல, அதுக்கு மருந்து குடுத்தா வருவாங்க" என்று தலைவர் சம்பத் அப்போது சொன்னார். அவர்தான் குடையைக் கண்டுபிடித்தவர். மூன்றே வருஷத்தில் உறுப்பினர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு.

குடையின் அருமை அவளுக்கே தெரியும். அவள் அம்மா இறந்தபோது பாளையங்கோட்டைக்குப் போயிருந்தாள். கடையில் சுஜி. குடை வந்தது, சுஜி ஷட்டரை இறக்கினாள், கால் மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார். பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் செய்தியைக் கேட்டபோது அவளுக்கு அம்மாவுக்காக வராத அழுகை வந்தது.

இந்த மார்ச்சில் பாதிப் பேர் சந்தா கட்டவில்லை. "ஒரு குடை போடுங்க சிஸ்டர்" என்றார் சம்பத். "வர்றாங்களா சார்?" என்று கேட்டாள். "வரலாம்னு ஒரு பேச்சு" என்றார். அந்தப் பதிலை அவள் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பன்னிரண்டு நாளைக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை மத்தியானம் படத்தைப் போட்டாள். புதன்கிழமை காலை வரைக்கும் பல கடைகள் திறக்கவில்லை. இன்ஸ்பெக்டர் வரவில்லை. முப்பத்தெட்டுப் பேர் சந்தா கட்டினார்கள். அந்த இரண்டு நாளும் யூனிஸின் கடையில் நிற்க இடமில்லை. "ஆபரேஷன் நேரத்துல கர்த்தரே அனுப்பறார்டி" என்று சுஜியிடம் சொன்னாள்.

"இன்னா டாக்டரம்மா, கண்ணாடியத் தேச்சிகினே கீற? ஒரு கை குடு, கூடைய எறக்கணும்."

முத்தாலம்மாள் வாசலில் நின்றாள். கோவளத்துக் கரையில் மீன் எடுத்து, கேளம்பாக்கம் வழியாக பஸ் பிடித்து வந்து இந்தத் தெருக்களில் விற்கிறவள். யூனிஸ் இறங்கிப் போய்க் கூடையைப் பிடித்து இறக்கினாள். மேலே ஈரச் சாக்கு, அடியில் காரப்பொடி, ஓரத்தில் இரண்டு சங்கரா.

"எங்க போயிட்ட முத்தாலம்மா? ரெண்டு வாரமா ஆளைக் காணோம்."

"எங்க வர்றது. வூட்டுக்காரு செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரில கீறாரு. இன்னிக்கு அவுரு தம்பி பக்கத்துல குந்திகினு கீறான். நானு கூடையத் தூக்கினேன். தூக்கலன்னா துட்டு ஏது, சோறு ஏது."

"தாமோதரனுக்கா? என்னாச்சு?"

"அதே தான். ஃபிட்ஸு."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் முத்தாலம்மாள் அந்த வலிப்பு மாத்திரையை இங்கே கேட்டாள். டாக்டர் சீட்டு இல்லாமல் தர முடியாது என்றாள் யூனிஸ். அதற்குப் பிறகு மாத்திரை கேட்டதில்லை. மீன் மட்டும்தான்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாரா?"

"இருந்தா துன்ன மாட்டாரா? நானு எப்பவும் ரெண்டு நாளைக்குத் தான் வாங்குவேன். ஆஸ்பத்திரில சும்மாவே குடுக்கறாங்கோ, ஒரு மாசத்துக்கு. ஆனா ஒரு பகல் முச்சூடும் வரிசைல குந்தணும். அன்னிக்கு மீன யாரு விப்பா? அதனால கேளம்பாக்கத்துல பஸ்ஸ வுட்டு எறங்கினா எதுக்க ஒரு கடை. அட்டைய வெட்டி ரெண்டு நாளைக்குக் குடுப்பான். சீட்டு கீட்டு கேக்க மாட்டான், உன்ன மாதிரி."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். யூனிஸுக்குச் சிரிக்க வரவில்லை.

"அன்னிக்கு திங்கக்கெழம. சாய்ங்காலம் எறங்கறேன், கடை சாத்திகினு கீது. பக்கத்துக் கடை, அதுவும் சாத்திகினு கீது. நாலு கடை பாத்தேன். யாருனா தலைவரு பூட்டாரான்னு டீக்கடைல கேட்டேன். அவன் என்னியப் பாத்து சிரிக்கறான். டீக்கடை தொறந்து கீது, பிரியாணிக் கடை தொறந்து கீது, ஒயின்ஷாப்பு தொறந்து கீது. மருந்துக்கடைக்கு மட்டும் இன்னா சாவு?"

யூனிஸ் கடைப்படியில் மெல்ல உட்கார்ந்தாள். விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பின விமானம் ஒன்று தலைக்கு மேல் போயிற்று. அது போகிற வரைக்கும் முத்தாலம்மாள் பேச்சை நிறுத்திவைத்திருந்தாள்.

"செவ்வாக்கெழம எவனும் மீன் வாங்க மாட்டான். நானும் வரல. படூர் வரைக்கும் நடந்தேன். ஒரு கண்ணாடிக் கதவு கடை தொறந்து கீது. உள்ள போனா சில்லுனு கீது. அந்தப் பொண்ணு மூக்க இப்டி புட்ச்சிகினு சீட்டு எங்கன்னுது. சீட்டு போன மழைலயே கூழா பூட்ச்சி. அப்ப உன் நெனப்பு தான் வந்துச்சி. நீயும் சீட்டு கேப்ப, ஆனா மூக்கப் புடிக்க மாட்ட. புதங்கெழம காத்தால கூடையோட வர சொல்ல உன் கால்ல வுழுந்தாவது வாங்கிக்கலாம்னு வுட்டுட்டேன்."

"புதன்கிழமை நீ வரலையே."

"எங்க வர வுட்டாரு. விடியறதுக்குள்ள வலை இழுக்கப் பூட்டாரு. போவாதன்னேன். ஒரு நாள் மாத்திர இல்லன்னா செத்தா பூடுவேன்னாரு. மொழங்கால் தண்ணி டாக்டரம்மா. மொழங்கால் தண்ணில குப்புற வுழுந்து கீறாரு. கூட இருந்தவனுங்கோ வலையப் பாத்துகினு கீறானுங்கோ, ஆளப் பாக்கல. தூக்கறதுக்குள்ள வாயி, மூக்கு எல்லாம் மணலு." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேர்வையைத்தான் துடைத்தாள். "மூச்சுக்கு மிஷினு வெச்சாங்கோ. முந்தாநேத்து எட்த்துட்டாங்கோ. கண்ணத் தொறக்கறாரு. எதுக்க நிக்கறேன், என்னத் தெரில அவுருக்கு."

"சரியாயிடும்" என்றாள் யூனிஸ்.

"நீ அந்த சங்கத்துல கீற இல்ல? நோட்டீசு எடுத்துகினு வெயில்ல அலஞ்சினு இருந்தியே. எல்லாக் கடையும் ஒண்ணா சாத்த சொன்னது யாருன்னு கேட்டு சொல்லு. நானு ஒண்ணும் பண்ண மாட்டேன். என்னால இன்னா பண்ண முடியும்? தெரிஞ்சிக்கணும், அவ்ளோதான். ராவுல தூக்கம் வரல."

நான்தான் என்று சொல்ல இரண்டு வார்த்தைகூட வேண்டாம். யூனிஸ் வாயைத் திறந்தாள். முத்தாலம்மாள் மூக்கைப் பிடித்துக் காட்டின கையின் விரல்களில் மீன்செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தாள்.

"கேட்டுச் சொல்றேன்."

"கேளு. அய்யாவுக்கு வியாழக்கெழம தானே ஆபரேசன்? ஒரு கை காரப்பொடி சேத்துப் போடறேன். எண்ணெ வுடாம கொழம்பு வெய்யி. ஆஸ்பத்திரில அவுரத் தனியா வுட்டுடாத. ஆம்பளைங்க வெளிய சொல்ல மாட்டாங்கோ, பயந்துக்குவாங்கோ."

மாடியில்தான் வீடு. மத்தியானம் மீனை ஆய்ந்து, புளியைக் கரைத்துக் குழம்பு வைத்தாள். காரப்பொடியை ஆய்வதற்குப் பொறுமை வேண்டும். விரல் நீளம்கூட இல்லாத மீன். ஒவ்வொன்றாகத் தலையைக் கிள்ளிக் குடலை எடுக்கும்போது அவள் கை ஒரு கணக்கும் மனம் ஒரு கணக்கும் போட்டுக்கொண்டிருந்தன. புதன்கிழமை அவள் வந்திருந்தால், காலில் விழுந்திருந்தால், சீட்டு இல்லாமல் நான் கொடுத்திருப்பேனா? கொடுத்திருப்பேன் என்று சொல்லிப் பார்த்தாள். அதை அவளாலேயே நம்ப முடியவில்லை. சீட்டு கேட்டது சரிதான், சட்டம்தான். ஆனால் அந்தச் சரிதான் அவளை ஆளில்லாத கடைக்கு அனுப்பியது. பிறகு நானே அந்தக் கடையையும் சாத்த வைத்தேன். இரண்டு நாள் கடை சாத்தினால் யாருக்கு என்ன ஆகிவிடும் என்று அன்றைக்கு நினைத்தபோது, மாத மாத்திரையை டப்பாவில் அடுக்கி வைத்திருக்கிறவர்கள்தான் கண்ணுக்குத் தெரிந்தார்கள். பத்தொன்பது வருஷமாக அட்டையைக் கத்தரியால் வெட்டி இரண்டும் நாலுமாகக் கொடுத்த கை இது. அந்தக் கைக்குமா நினைவில்லாமல் போயிற்று?

சத்தியநாதன் சோற்றைப் பிசைந்தபடி அவளைப் பார்த்தார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தினவர். வகுப்பில் யார் கவனிக்கவில்லை என்று முதுகைத் திருப்பிக்கொண்டே கண்டுபிடிப்பார் என்று பேர்.

"நீ சாப்பிடலையா?"

"பசிக்கல."

"ஆபரேஷன் எனக்கு யூனி. பட்டினி நான் கிடக்கணும்."

"உப்பு கம்மியா இருக்கா?"

"உப்பே இல்லை. அதை அப்புறம் பேசலாம். உனக்கு என்ன பயம்?"

"உங்களுக்கு இல்லையா?"

அவர் ஒரு முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். மார்பின் மேல் இடது கையை வைத்துக்கொள்வது இப்போது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. கதவுக்குத் தாழ் போட்டிருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி வைப்பார்.

"வெட்டறதுல பயம் இல்ல. அப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது. கண்ணைத் தொறக்கறப்ப எதிர்ல யாரும் இல்லைன்னா, நான் இருக்கேனா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சிக்கறது? அதான் உன்னை நிக்கச் சொல்றேன்."

"நிப்பேன்."

"கடை?"

"சுஜி பாத்துக்குவா. சம்பத் சார் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்கார்."

"நல்ல மனுஷன்" என்றார் சத்தியநாதன். இந்த இருதயத்தின் மேல் முத்தாலம்மாளின் கதையையும் ஏற்றி வைக்க அவளுக்குத் துணிவில்லை.

சம்பத் ஐந்து மணிக்கு வந்தார். அவரை நல்ல மனிதர் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. கொரோனாவில் இறந்துபோன இரண்டு மருந்தாளுநர்களின் வீட்டுக்கு இன்றைக்கும் மாதம் தவறாமல் அரிசி அனுப்புகிறவர். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் ஏதோ ஒரு மாத்திரையின் பெயர் போட்ட பேனா, கையில் ரசீதுப் புத்தகம்.

"ஐயா எப்படி இருக்கார் சிஸ்டர்?"

"இருக்கார் சார்."

"தைரியமா இருக்கச் சொல்லுங்க. என் மச்சானுக்கு நாலு இடத்துல அடைப்பு, இப்ப குன்றத்தூர் மலை ஏறி இறங்கறான். சரி, விஷயத்துக்கு வர்றேன். இன்னும் அறுபத்தொரு பேர் பாக்கி. கேட்டா, போன தடவை குடை போட்டீங்க, ஒருத்தனும் வரலையேங்கறாங்க. ஜெயக்கொடி என்ன சொல்றான் தெரியுமா? ரெண்டு நாள் வியாபாரம் போச்சு, அதுக்கு இன்ஸ்பெக்டரையே வரச் சொல்லி காபி குடுத்திருக்கலாமாம்."

"நியாயம்தானே சார்."

"நியாயம்தான். ஆனா இருநூறு பேர் சேர்ந்து போனா மந்திரி நம்ம மனுவைக் கையில வாங்குவார். அறுபது பேர் போனா வாசல்ல செக்யூரிட்டி வாங்குவான். தள்ளுபடிக்காரன் எல்லா முனையிலயும் வந்துட்டான். இன்னும் அஞ்சு வருஷத்துல நீங்களும் நானும் அவன்கிட்டதான் சம்பளத்துக்கு நிப்போம். இதை மீட்டிங்ல நூறு தடவை சொன்னேன். கேட்டாங்களா? பயந்தாத்தான் ஒண்ணா நிக்கறாங்க. அதுக்கு நான் என்ன பண்றது." குரலைத் தணித்துக்கொண்டார். "திங்கட்கிழமை காலையில பதினோரு மணிக்கு ஒரு குடை போடுங்க. உங்க போன்ல இருந்து வரணும். நான் போட்டா, தலைவர் கலெக்‌ஷனுக்குப் போடறார்ம்பாங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு எல்லாருக்கும் தெரியும்."

யூனிஸ் கவுன்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கேளம்பாக்கம் பக்கத்துல ஒருத்தர் தண்ணியில விழுந்துட்டார் சார். போன குடையில."

"என்ன சொல்றீங்க?"

சொன்னாள். மாத்திரை, திங்கட்கிழமை, செவ்வாய்க்கிழமை, முழங்கால் தண்ணீர். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். சம்பத் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"உயிரோட இருக்கார்ல?"

"இருக்கார். ஆளைத் தெரியல."

"பாவம். சங்கத்துல இருந்து ஏதாவது செய்யலாம். நானே போய்ப் பார்க்கறேன்." பிறகு வாசலைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "அந்தம்மாவுக்குத் தெரியுமா, நீங்கன்னு?"

"தெரியாது."

"தெரிய வேணாம். குரூப்புல ஒரு குடைப் படம், அவ்வளவுதான். அதுல சாத்துன்னு எங்க எழுதியிருக்கு?" அவளைத் தேற்றுவதற்காகத்தான் அதைச் சொன்னார். அவளுக்கு உள்ளங்கால் வரைக்கும் குளிர்ந்தது. "இந்தத் தடவை ரெண்டு நாள் வேணாம். சாயங்காலமே கிளியர்னு போட்டுடலாம். நாலு மணி நேரம். நாலு மணி நேரத்துல யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

நாலு மணி நேரத்தில் யாருக்கு என்ன ஆகும் என்று யூனிஸுக்கும் தெரியாது. போன தடவையும் தெரிந்திருக்கவில்லை.

"வியாழக்கிழமையில இருந்து பத்து நாளைக்கு இந்தத் தெரு என் பொறுப்பு" என்றார் சம்பத். "யார் கிளம்பினாலும் முதல் போன் சுஜிப் பாப்பாவுக்குத்தான். நீங்க ஐயா பக்கத்துல நிம்மதியா இருங்க. நான் இருக்கேன்."

அவர் சொல்வது உண்மை. சொன்னால் செய்வார். வியாழக்கிழமை ஆஸ்பத்திரி வராந்தாவில் போனைப் பார்த்துப் பார்த்து உட்கார்ந்திருக்கிற தன்னை யூனிஸ் கண்முன்னால் கண்டாள். உரிமம் ரத்து என்று ஒரு தாள், சுஜியின் அழுத முகம், தெருமுனைக் கடையில் சீருடை மாட்டிக்கொண்டு நிற்கும் தான். எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஒன்றைக்கூட அவளால் விரட்ட முடியவில்லை.

"என்னால முடியாது சார்."

"திங்கட்கிழமை முடியாதா? செவ்வாய்க்கிழமை போடலாம்."

"எப்பவும்."

சம்பத் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. அவர் முகத்தில் இருந்தது கவலை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"சிஸ்டர், யோசிச்சுப் பேசுங்க. குடை வேணாம்னு இன்னிக்குச் சொல்லிட்டு, வியாழக்கிழமை பாப்பாவைத் தனியா உட்கார வெச்சா, இன்ஸ்பெக்டர் வர்றதை யாரு சொல்லுவா? நான் மிரட்டல. கேக்கறேன்."

"உட்கார மாட்டா சார். கடை சாத்தியிருக்கும். இன்னிக்கே எழுதி மாட்டிடறேன். வேணுங்கறவங்க புதன்கிழமைக்குள்ள வந்து வாங்கிக்கட்டும்."

"பத்து நாளா? வாடிக்கை போயிடும்."

"போகும்."

அவர் ரசீதுப் புத்தகத்தைக் கவுன்டரின் மேல் அவள் பக்கமாக வைத்தார். "நாளைக்குப் பேசலாம். இது இங்கயே இருக்கட்டும்."

யூனிஸ் அதை எடுத்து, ஓரம் மடங்கியிருந்த அட்டையை நிமிர்த்தி, அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் நகர்த்தி வைத்தாள்.